கோரஸ் என்றால் என்ன? கிராண்ட் கிரீனின் ஓர் ஆல்பத்தை வைத்துப் புரிந்துகொள்வோம்

ஜாஸ் இசையை முதன்முதலில் கேட்கிற பலரும் ஒரே இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு மெட்டு வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, மனதிலும் நிற்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் போனதும் அந்த மெட்டு மறைந்துவிடுகிறது. சாக்ஸபோன்காரர் ஏதோ வாசிக்கிறார். அவர் முடித்ததும் பியானோக்காரர் வேறு ஏதோ வாசிக்கிறார். ரொம்ப நேரம் கழித்து பழைய மெட்டு திரும்பி வந்து எல்லாம் முடிகிறது. நடுவில் நடந்தது என்ன, பாட்டு எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

பாட்டு எங்கேயும் போகவில்லை. அந்த நடுப்பகுதி முழுக்க அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. மெட்டை மட்டும் எடுத்துவிட்டு, மெட்டுக்கு அடியில் இருந்த சட்டத்தை அப்படியே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் ஒரு முழுச் சுற்றுக்குத்தான் கோரஸ் என்று பெயர். சினிமாப் பாட்டில் கூட்டமாகச் சேர்ந்து பாடுவதை நாம் கோரஸ் என்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஜாஸ் கலைஞர் ‘இரண்டு கோரஸ் எடுத்தேன்’ என்று சொன்னால், பாட்டின் முழு நீளத்தையும் இரண்டு முறை சுற்றி வந்து தன் கற்பனையை வாசித்தேன் என்று பொருள்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் ஜாஸ் திறந்துகொள்ளும் என்பது என் அனுபவம். இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம், கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீன் 1963-இல் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பதிவு செய்த ‘ஐடில் மொமென்ட்ஸ்’ என்ற ஆல்பம். காரணம், அதன் முதல் பாட்டில் கோரஸ் விஷயத்திலேயே ஒரு குழப்பம் நடந்தது. ஒரு சுற்றின் நீளம் 16 ‘பார்’ என்று கணக்கா, 32 ‘பார்’ என்று கணக்கா (பார் என்றால் என்ன என்று சற்றுப் பிறகு சொல்கிறேன்) என்பதில் குழுவுக்குள் புரிதல் பிசகிவிட்டது. அந்தப் பிசகில் பிறந்ததுதான் நாம் இன்று கேட்கிற பதினைந்து நிமிடப் பாட்டு.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன், கையை நீட்டுங்கள். எண்ணிப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

ஜாஸில் பெரும்பாலான பாட்டுகள் நான்கு அடிகள் கொண்ட துண்டுகளாக நடக்கும். ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று காலால் தட்டினால் ஒரு துண்டு முடிகிறது. இந்தத் துண்டுதான் பார். இப்போது பெருவிரலைத் தவிர மற்ற நான்கு விரல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கணு. பெருவிரலை முதலில் நான்கு விரல்களின் அடிக்கணு மேல் வரிசையாக வைத்துக்கொண்டு போனால் நான்கு பார். அடுத்து நடுக்கணு வரிசை, இன்னும் நான்கு பார். அப்புறம் மேல்கணு வரிசை, மறுபடி நான்கு. மொத்தம் 12. கால் அடியை எண்ணட்டும், பெருவிரல் பாரை எண்ணட்டும்.

இந்த 12 பார் சுற்றுதான் ப்ளூஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம் அது; ஜாஸின் அடித்தளங்களில் ஒன்று. மூன்று வரிசைக்கும் மூன்று வேலை. முதல் வரிசையில் ஒன்றைச் சொல்வார்கள். இரண்டாம் வரிசையில் அதையே மறுபடி சொல்வார்கள், ஆனால் அடியில் இருக்கும் கார்டு மாறிவிடும். அதனால் அதே சொல் வேறு வெளிச்சத்தில் தெரியும். மூன்றாம் வரிசையில் பதில் வரும். பன்னிரண்டாவது பார் முடிந்ததும் பெருவிரல் மறுபடி அடிக்கணுவுக்கு வந்துவிடும். ஒரு கோரஸ் முடிந்தது.

கார்டு என்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு சுரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கவிட்டால் கிடைக்கும் கூட்டொலி அது. தனியாக ஒலிக்கும் ஒரு சுரத்துக்குக் கீழே கார்டு மாறினால் அந்தச் சுரத்தின் உணர்ச்சியே மாறிவிடும். ஜாஸ் பாட்டு ஒன்றின் சட்டம் என்று நான் முன்பு சொன்னது, எந்தப் பாரில் எந்தக் கார்டு வரும் என்ற இந்த வரிசையைத்தான்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தாளம் ஓர் ஆவர்த்தனம் சுற்றி வந்து சமத்தில் விழுகிறது. கல்பனாஸ்வரம் எங்கெங்கோ அலைந்துவிட்டு எடுப்பில் சரியாக வந்து நிற்கும்போது சபையில் தலைகள் ஆடுகின்றன. கோரஸின் முடிவில் கிடைக்கும் நிம்மதியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேறுபாடு என்னவென்றால், ஆவர்த்தனம் காலத்தின் சுற்று மட்டும். கோரஸ் காலத்தின் சுற்றோடு கார்டுகளின் சுற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ராகம் ஒன்றே நிலைத்திருக்க அதன் மேல் கற்பனை செய்வது நம் முறை. காலடியில் தரை வண்ணம் மாறிக்கொண்டே இருக்க, அந்த மாற்றத்துக்கு ஏற்பக் கற்பனை செய்வது அவர்கள் முறை. கையால் தாளம் போட்டுக்கொண்டு கச்சேரி கேட்ட கைகளுக்கு ஜாஸ் எண்ணுவது ஒரு கஷ்டமே இல்லை.

12 பார் தவிர இன்னொரு பெரிய வகை 32 பார். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வந்த பழைய நாடகப் பாட்டுகள் பலவும் இந்த அளவில் இருந்தன. எட்டு பார் மெட்டு, மறுபடி அதே எட்டு, நடுவில் வேறு மாதிரி ஓர் எட்டு, கடைசியில் முதல் எட்டு. அப்புறம் 16 பார் வகை. விரல் நுனிகளையும் ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொண்டால் நான்கு வரிசை, 16 பார். 32 வேண்டுமானால் இரண்டு கை.

இனி ஆல்பத்துக்கு வருவோம்.

கிராண்ட் கிரீன் மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர். சிறு வயதிலேயே தேவாலயப் பாட்டுகளோடு தொடங்கியவர். அந்த ஊரில் அவரைக் கேட்ட சாக்ஸபோன் கலைஞர் லூ டொனால்ட்சன் சொல்லித்தான் அவர் நியூயார்க் வந்தார், ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆல்ஃப்ரெட் லயனைச் சந்தித்தார். லயன் பெர்லினிலிருந்து வந்து குடியேறியவர். 1939-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது: பதிவுக்கு முன் ஒத்திகை பார்ப்பதற்கும் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்த ஆல்பங்கள் இன்றும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கலைஞனின் நேரத்துக்கு மதிப்புக் கொடுத்தால் அது ஒலியில் தெரிகிறது.

1961-லிருந்து கிரீன் ப்ளூ நோட்டுக்காக மளமளவென்று பதிவு செய்துகொண்டே இருந்தார். தன் பெயரிலும், மற்றவர்களுக்குத் துணையாகவும். 1963 நவம்பர் 4-ஆம் தேதி ஐந்து பேரோடு ஸ்டூடியோவுக்குப் போனார். ஆறு பேர் கொண்ட குழுவை செக்ஸ்டெட் என்பார்கள். மூன்று பேர் என்றால் ட்ரியோ, நால்வர் குவார்ட்டெட், ஐவர் குவின்டெட். இப்படிச் சிறிய குழுவில் வாசிப்பதும், பதினைந்து பதினாறு பேர் கொண்ட பெரிய பேண்டில் வாசிப்பதும் ஒன்றல்ல. பெரிய பேண்டில் யார் எந்த நொடியில் என்ன வாசிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தாளில் எழுதியிருக்கும். சிறிய குழுவில் தாளில் இருப்பது மெட்டும் கார்டு வரிசையும் மட்டுமே. மற்றதெல்லாம் அந்த இடத்தில், ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழுவதை வைத்து உருவாகிறது.

யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்போம். டெனர் சாக்ஸபோனில் ஜோ ஹென்டர்சன், 26 வயது; அவருடைய முதல் ஆல்பம் அந்த வருடம்தான் பதிவாகியிருந்தது. வைப்ரஃபோனில் பாபி ஹட்சர்சன், 22 வயது. பியானோவில் டியூக் பியர்சன்; ஆல்பத்தின் நான்கு பாட்டுகளில் இரண்டை எழுதியவரும் இவர்தான். பேஸில், அதாவது அடித்தொனியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியத்தில், பாப் கிரான்ஷா. டிரம்ஸில் அல் ஹேர்வுட்.

வைப்ரஃபோன் நமக்கு அதிகம் பழக்கமில்லாத வாத்தியம். பியானோ கட்டைகள் போல வரிசையாக அடுக்கிய உலோகப் பட்டைகளை, நுனியில் நூல் சுற்றிய குச்சிகளால் தட்டுவார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய், குழாயின் வாயில் மோட்டாரில் சுழலும் ஒரு சிறு தகடு. அந்தத் தகடு சுழலும்போது ஒலி லேசாக அலையடிக்கும். காலடியில் உள்ள பெடலை அழுத்தினால் ஒலி நீண்டு தொங்கும், விட்டால் அடங்கும். கோயில் மணி அடித்து முடித்தபின் காற்றில் மிச்சமிருக்குமே ஒரு ரீங்காரம், அந்த ரீங்காரத்தை மட்டும் எடுத்து மெட்டு செய்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

ஆறு பேரின் வேலையை இரண்டாகப் பிரித்துக் கேட்டால் குழப்பம் குறையும். பேஸ், டிரம்ஸ், பியானோ மூன்றும் சட்டத்தைத் தாங்குகின்றன. கிட்டார், சாக்ஸபோன், வைப்ரஃபோன் மூன்றும் அதன் மேல் நின்று பேசுகின்றன. தன் முறை வரும்போது பியானோவும் மேலே ஏறிப் பேசும்.

நான் புதிதாகக் கேட்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: முதலில் பேஸைக் கேளுங்கள். சோலோ வாசிப்பவரை, அதாவது தன் முறை வந்து கற்பனையை வாசிப்பவரை, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாரிலும் இப்போது எந்தக் கார்டு என்பதைத் தன் சுரத்தால் சுட்டிக் காட்டிக்கொண்டே நடப்பவர் பேஸ்காரர்தான். வீட்டில் விளக்குப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவரைப் போல. அவர் கால் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டு போனால் வழி தவறாது.

இந்தக் குழுவில் ஒரு சிக்கல் இருந்திருக்க வேண்டும். பியானோ கார்டு வாசிக்கும் வாத்தியம். கிட்டாரும் கார்டு வாசிக்கும். குச்சிகள் பிடித்த வைப்ரஃபோனும் வாசிக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் கார்டுகளை நிரப்பினால் அடைத்துக்கொண்டுவிடும், காற்றே போகாது. பல ஜாஸ் கிட்டார் ஆல்பங்களில் பியானோவை விட்டுவிடுவது இதனால்தான். அதே 1963 ஜனவரியில் கிட்டார் கலைஞர் கென்னி பரெல் பதிவு செய்த ‘மிட்நைட் ப்ளூ’ ஆல்பத்தில் பியானோ இல்லை. கிரீன் வேறு வழியில் இதைத் தீர்த்தார். சோலோ வாசிக்கும்போது அவர் கார்டுகளை அநேகமாகத் தொடுவதே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு சுரம். ஒரு கம்பி. சாக்ஸபோன்காரர் ஊதுவது போல, மூச்சு விட்டு மூச்சு விட்டு, ஒற்றை வரியாகவே வாசிப்பார்.

இந்தப் பாணிக்கு ஒரு முன்னோடி உண்டு. 1930-கள் வரை ஜாஸ் குழுவில் கிட்டாரின் வேலை பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குக் கார்டு தட்டிக் கொடுப்பதுதான். டிரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவில் அதன் சத்தம் எடுபடாது. மின்சாரக் கிட்டார் வந்தபின்தான் நிலைமை மாறியது. 1939-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், மின்சாரக் கிட்டாரை வைத்துக்கொண்டு ஊது வாத்தியங்களுக்குச் சமமாக நின்று நீண்ட ஒற்றை வரிகளை வாசித்துக் காட்டினார். 1942-இல், 25 வயதில் காசநோயில் இறந்துபோனார். மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில் அவர் விட்டுச் சென்ற பதிவுகளைக் கேட்டு வளர்ந்ததுதான் அடுத்த தலைமுறை முழுவதும். கிரீனும் அந்த வரிசையில் வந்தவர்தான். கூடவே சார்லி பார்க்கர் போன்ற சாக்ஸபோன் கலைஞர்களையும் நிறையக் கேட்டார்.

கிரீனிடம் எனக்குப் பிடித்தது அவருடைய நிதானம். அதிக சுரம் வாசிக்கத் தெரிந்தவர், அப்படி வாசிப்பதில்லை. ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொண்டு அதையே நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் அடி லேசாகத் தள்ளி விழும்படி திருப்பிச் சொல்வார். கேட்கும் நம் காதில் அது ஏறிவிடும். எப்போது விடுவிப்பார் என்று காத்திருக்கத் தொடங்குவோம். அவருடைய தொனியும் அப்படித்தான், தெளிவாக, வட்டமாக, கொஞ்சம் கட்டையாக இருக்கும். ஆம்பிளிஃபயரில் கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் குறைத்து நடு ஒலியை மட்டும் கூட்டி வைத்துக்கொள்வார் என்று இன்னொரு பெரிய கிட்டார் கலைஞரான ஜார்ஜ் பென்சன் சொல்லியிருக்கிறார். மனிதர் பேசும் குரலின் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. அவருடைய கிட்டார் யாரோ பேசுவது போல ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, அந்த நவம்பர் 4-க்கு வருவோம். இடம், நியூ ஜெர்சியின் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டர் கட்டிய ஸ்டூடியோ. வான் கெல்டர் படிப்பால் கண் பரிசோதகர். பகலில் அந்தத் தொழிலும் மற்ற நேரத்தில் ஹாக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவுமாக இருந்தவர், 1959-இல் இந்த ஸ்டூடியோவைக் கட்டிக்கொண்டு முழுநேரமாக இறங்கினார். தேவாலயம் போல உயர்ந்த மரக் கூரை. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். அது நேராக இரண்டு தட நாடாவில் பதிவாகும். இன்றைக்கு மாதிரி ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக எடுத்து, பிறகு வெட்டி ஒட்டித் திருத்துவதற்கு இடமில்லை. பிடிக்கவில்லை என்றால் ஆறு பேரும் முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும்.

பியர்சன் எழுதிய ‘ஐடில் மொமென்ட்ஸ்’ பாட்டை எடுத்தார்கள். மிக மெதுவான பாட்டு. பாதிரவுக்கு மேல் ஊர் அடங்கியபின் யாரோ தனக்குத்தானே முணுமுணுப்பது போன்ற மெட்டு. மெட்டு முடிந்ததும் முதலில் சோலோ எடுத்தவர் கிரீன். ஒவ்வொருவருக்கும் எத்தனை கோரஸ் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கோரஸ் என்றால் 16 பாரா, 32 பாரா என்பதில் எல்லோர் மனதிலும் ஒரே கணக்கு இல்லை. ஆல்பத்தின் பின்னட்டைக் குறிப்பில் பியர்சனே இதை எழுதியிருக்கிறார். கிரீன் நீளமான கணக்கில் வாசித்துக்கொண்டு போனார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நாடா ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் நிறுத்தவில்லை. அடுத்து பியர்சன், அப்புறம் ஹென்டர்சன், அப்புறம் ஹட்சர்சன், எல்லோரும் அவர் காட்டிய வழியிலேயே போனார்கள்.

மெதுவான பாட்டில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வினாடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். 16 பார் என்றால் 64 அடி, ஒரு நிமிடம் சொச்சம். 32 பார் என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல். சோலோ வாசிக்க நாலு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக்கு மேல் எடுக்கிறார்கள் என்றால் பாட்டு எங்கேயோ போய் நிற்கும். நின்றது 14 நிமிடம் 56 வினாடியில்.

இங்கேதான் கோரஸ் என்ற அமைப்பின் பலம் தெரிகிறது. நாடகத்தில் ஒருவர் தன் வசனத்தை இரண்டு மடங்காகப் பேசிவிட்டால் அடுத்தவர் திகைத்து நிற்க நேரும். இங்கே யாரும் திகைக்கவில்லை. ஏனென்றால் சுற்று அதே சுற்றுதான். 16 என்று எண்ணியவரும் 32 என்று எண்ணியவரும் ஒரே பாதையில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அதை ஒரு கையால் எண்ணினார், இன்னொருவர் இரண்டு கையால் எண்ணினார், அவ்வளவுதான். கிரீன் முடிக்காமல் மறுபடி மேலே ஏறுகிறார் என்று தெரிந்ததும் கிரான்ஷாவின் பேஸ் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுகிறது, ஹேர்வுட் கூடவே வருகிறார். கேட்கும் நமக்கு அங்கே ஒரு பிசகு நடந்ததற்கான அடையாளமே கிடைக்காது.

கிடைத்த அந்தக் கூடுதல் இடத்தை ஒவ்வொருவரும் எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான் இந்தப் பாட்டின் அழகு. அவசரப்பட வேண்டிய தேவை போய்விட்டது. கிரீன் ஒரு வரி சொல்கிறார், விடுகிறார், அடுத்த வரிக்குக் காத்திருக்கிறார். பியானோவில் பியர்சன் அதைவிடச் சன்னமாகப் பேசுகிறார். ஹென்டர்சன் உள்ளே வருகிற இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். வேகமும் முரட்டுத்தனமும் தெரிந்த இளைஞர். இங்கே பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பது போல, பாதிக் காற்றும் பாதி ஒலியுமாகத் தொடங்குகிறார். கடைசியில் ஹட்சர்சன். உலோகப் பட்டைகளின் ஒலி அந்த உயரக் கூரைக்குக் கீழே தொங்கிக்கொண்டே இருக்கிறது. நாலு பேரும் ஒரே சட்டத்தின் மேல்தான் நடந்தார்கள், ஒரே கார்டுகள்தான். ஆனால் நாலு பேர் வீட்டுக்குள் போய்வந்தது போல இருக்கும்.

அந்தப் பதிவை லயன் தூக்கிப் போடவில்லை. வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு புதிய தலைவலி வந்தது. அன்றைய எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் தட்டில் வெட்டும் கோடுகளை நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தட்டின் இரைச்சல் மேலே வந்துவிடும். அன்றைக்கே பதிவான மற்ற பாட்டுகளும் குட்டையானவை இல்லை. கிரீன் எழுதிய ‘ஜான் டி ஃப்ளூர்’ 8 நிமிடத்துக்கு மேல். ‘ஜாங்கோ’ 13 நிமிடத்துக்கு மேல். பியர்சனின் இன்னொரு பாட்டான ‘நோமட்’ 12 நிமிடத்துக்கு மேல். எல்லாவற்றையும் கூட்டினால் 48 நிமிடத்தைத் தாண்டுகிறது.

எதையாவது குறைத்தாக வேண்டும். ‘ஐடில் மொமென்ட்ஸ்’ஸைத் தொடவில்லை. பதினொரு நாள் கழித்து, நவம்பர் 15 அன்று, அதே ஆறு பேரும் மறுபடி வந்து ‘ஜான் டி ஃப்ளூர்’, ‘ஜாங்கோ’ இரண்டையும் குறைந்த நீளத்தில் புதிதாக வாசித்தார்கள். ‘ஜாங்கோ’ 13 நிமிடத்திலிருந்து 8 நிமிடம் 44 வினாடிக்கு இறங்கியது. கோரஸ் புரிந்த உங்களுக்கு இது எப்படிச் சாத்தியம் என்று இப்போது தெரிந்திருக்கும். பாட்டை எங்கேயும் வெட்ட வேண்டியதில்லை. சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். 1965-இல் ஆல்பம் வெளிவந்தபோது இரு பக்கமும் 21 நிமிடச் சொச்சத்தில் அமர்ந்தன. நவம்பர் 4-இல் வாசித்த நீளமான பதிவுகளும் பிற்பாடு சிடியில் சேர்க்கப்பட்டன. அதனால் இன்று நாம் இரண்டு ‘ஜாங்கோ’க்களையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். கோரஸைப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பாட்டு அதே, ஆட்கள் அதே, ஆனால் ஒருவரும் தான் பதினொரு நாள் முன்பு சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை.

‘ஜாங்கோ’வைப் பற்றி இரண்டு வரி. மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் குழுவின் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ், 1953-இல் இறந்துபோன கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாக எழுதிய இரங்கல் இசை அது. ஜாங்கோ ரோமானி இனத்தவர், பெல்ஜியத்தில் பிறந்தவர். 1928-இல் அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பிடித்ததில் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் சுருங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு அவர் சோலோ வாசித்ததை இன்றும் பத்து விரல் உள்ளவர்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிட்டார் கலைஞருக்கு எழுதிய இரங்கலை இன்னொரு கிட்டார் கலைஞர் எடுத்து வாசிப்பதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

கேட்டுப் பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் தடவை எதையும் எண்ணாமல் ‘ஐடில் மொமென்ட்ஸ்’ஸை முழுக்கக் கேளுங்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் நல்லது. இரண்டாம் தடவை ஆரம்ப மெட்டு மட்டும். மனப்பாடம் ஆகும்வரை திரும்பத் திரும்ப. வாய்விட்டு முணுமுணுக்க முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். மூன்றாம் தடவை, கிரீனின் சோலோ தொடங்கும்போது நீங்கள் அந்த மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே இருங்கள், அவர் என்ன வாசித்தாலும் சரி. உங்கள் மெட்டு அவர் வாசிப்போடு முட்டாது. இரண்டும் ஒரே கார்டுகளின் மேல்தான் போகின்றன. நடுவில் விட்டுப்போனால் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இது கடினமாக இருந்தால், முதலில் வெஸ் மான்ட்கோமரியின் ‘டி நேச்சுரல் ப்ளூஸ்’ஸில் பழகிக்கொள்ளலாம். கிரீனின் காலத்தவர், அவரும் பெரிய கிட்டார் கலைஞர். கம்பியை மீட்டும் சிறு தகடான பிக் இல்லாமல் பெருவிரலாலேயே மீட்டுவார். 1960 ஜனவரியில் நால்வர் குழுவாகப் பதிவு செய்த ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. 12 பார் ப்ளூஸ், நிதானமான வேகம். அடிக்கணு வரிசை, நடுக்கணு வரிசை, மேல்கணு வரிசை என்று பெருவிரல் போய்வருவதற்கு அளவெடுத்தது போல இருக்கும். நடுக்கணு வரிசையின் முதல் விரலைத் தொடும்போது கார்டு மாறுவதைக் காது தானாகக் கண்டுகொள்ளும். அதை ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்கவே முடியாது.

அங்கிருந்து மறுபடி ‘ஐடில் மொமென்ட்ஸ்’ஸுக்கு வாருங்கள். ஹட்சர்சனின் சோலோ அடங்கி வரும் அந்தக் கடைசிச் சுற்றில், நான்காம் வரிசையில், உங்கள் பெருவிரல் சுண்டுவிரல் நுனியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பதினாறாவது பார் முடிந்து பெருவிரல் திரும்பும்போது, மறைந்துபோயிருந்த மெட்டு அங்கே இருக்கும்.